சீவாளியும் செருகுநிரலும்

நாகசுரக்காரர் எவரும் ஒற்றைச் சீவாளியை நம்பிக் கச்சேரிக்குப் புறப்படுவதில்லை. வாத்தியத்தில் கோத்துத் தொங்கும் சீவாளிகளுள் எது அன்றைய ஈரக்காற்றுக்கு இணங்கும், எது பிசிறடிக்கும் என்பதை அவர் அறிவார். பறையடிப்பவர் தோல் தளர்ந்தால் வைக்கோலைக் கொளுத்தி அனல் காட்டிக்கொள்கிறார். மிருதங்கக்காரர் இடந்தலையில் ரவையைக் குழைத்து அப்பி, கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுகிறார். கருவியைச் செய்தவர் வேறு, வாசித்துப் பெயர் பெற்றவர் வேறு என்கிற கசப்பான பிரிவினை நம்மிடம் உண்டு, டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020) பேசியது அதைத்தான். ஆனாலும் மேடையில் கருவி மக்கர் செய்தால், ஏன் என்று பார்ப்பது வாசிப்பவரின் வேலை என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை.

கணினி இசைக்கருவியான பிறகு இந்தப் பழக்கம் எப்படியோ கைவிட்டுப் போயிற்று. இக்கட்டுரையின் கவலை அதுதான்.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இன்று ஒரு பாட்டு எங்கே பிறக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு வீட்டின் பின்கட்டு அறையில் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். சுவரில் பழைய கம்பளியோ மெத்தையோ தொங்கும். ஒரு கணினி, ஒரு மைக், ஒரு கீபோர்டு. திரௌபதியம்மன் தீமிதிக்கான பாட்டு, தேர்தல் பாட்டு, காதணி விழாவுக்கான வாழ்த்து, கானா, சொல்லிசை எல்லாம் அங்கேயேதான் உருவாகின்றன. தெருக்கூத்துப் பாடகரோ ஒப்பாரி பாடும் மூதாட்டியோ அபூர்வமாக அங்கே வந்து அமர்வதும் உண்டு. அப்படி வந்த நாளில்தான் திரை உறைந்துபோகும். பிறகு மென்பொருள் தானாகவே மூடிக்கொள்ளும்.

"என்ன தம்பி, மறுபடியும் போயிடுச்சா?"

"ரெண்டு நிமிஷம் இருங்க தாத்தா, திரும்பத் தொறக்கறேன்."

இந்த உரையாடல் அங்கே புதிதல்ல. ஆனால் எண்பது வயதை நெருங்கும் ஒருவருக்கு அதே வீச்சில் அந்த விருத்தம் இரண்டாம் முறை வாய்க்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. மென்பொருள் முடங்குவதை வெறும் தொழில்நுட்பத் தொந்தரவு என்று இலக்கிய வாசகர்கள் ஒதுக்கிவிட முடியாததற்கு இதுவே காரணம்.

*

அடிக்கடி முடங்கும் கணினிக்கு நம் ஊர்களில் ஒரே மருந்துதான் உண்டு. "ஃபார்மட் பண்ணிடலாம்." கணினிக் கடைக்குப் போனாலும் அதே மருந்து, தெரிந்த பையனைக் கூப்பிட்டாலும் அதே மருந்து. வன்தட்டு துடைக்கப்படுகிறது, இயங்குதளம் மீண்டும் ஏற்றப்படுகிறது. பிறகு, முன்பு எந்தப் பென் டிரைவிலிருந்து எவையெல்லாம் நிறுவப்பட்டனவோ, அதே பென் டிரைவிலிருந்து அவையே திரும்பவும் நிறுவப்படுகின்றன. சில நாட்கள் நன்றாக ஓடும். பிறகு பழைய கதை தொடங்கும். நோய்க்காரணம் பென் டிரைவில் பத்திரமாக இருந்ததல்லவா?

ஃபார்மட் செய்வது எப்போதுமே தவறு என்று நான் சொல்லவில்லை. காரணத்தைக் கண்டறிவதற்கு முன் செய்யப்படும் ஃபார்மட், குற்றம் நடந்த இடத்தைக் கழுவித் துடைப்பதற்குச் சமம் என்கிறேன். மென்பொருள் முடங்கும்போது கணினி அதைப் பற்றிய குறிப்பொன்றை எழுதிவைக்கிறது. விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்ற பகுதியில், எந்த நிரல் எத்தனை மணிக்கு விழுந்தது, விழும்போது அதன் எந்த உறுப்பில் பிழை நேர்ந்தது என்பவை பெயரோடு பதிவாகியிருக்கும். மேக் கணினியும் இத்தகைய அறிக்கையை எழுதுகிறது. ஐந்து முறை முடங்கி, ஐந்து முறையும் ஒரே செருகுநிரலின் பெயர் அங்கே இருந்தால் விசாரணை ஏறக்குறைய முடிந்தது. இயங்குதளத்துக்குச் சொந்தமான பொதுக் கோப்பு ஒன்றின் பெயர் இருந்தால் மட்டும் அவசரப்படக் கூடாது. பிணம் கிடந்த வீட்டுக்காரரே கொலைகாரர் என்று சொல்ல முடியாது. எப்படியானாலும் ஃபார்மட் இந்தச் சாட்சியத்தைத்தான் முதலில் அழிக்கிறது.

*

இசைத்தயாரிப்பு மென்பொருள் மற்ற மென்பொருள்களைக் காட்டிலும் ஏன் அதிகம் முடங்குகிறது? அது ஒரு தனி நிரல் அல்ல, ஒரு கூத்துக் குழு என்பதால்தான். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996இல் வி.எஸ்.டி. என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன்படி, ஒருவர் எழுதிய இசைமென்பொருளுக்குள் வேறு யாரோ எழுதிய எதிரொலியையும் வயலினையும் தபலாவையும் செருகுநிரல்களாகப் பொருத்திக்கொள்ளலாம். வீட்டு அறையில் ஒரு முழு இசைக்குழுவை உட்காரவைத்தது இந்த ஏற்பாடுதான். அதன் விலையும் அதிலேயே இருக்கிறது. செருகுநிரல்கள் பொதுவாகத் தாய்நிரலின் நினைவகத்துக்குள்ளேயே குடியிருப்பவை. ஓர் அடவுக்காரர் தடுக்கி விழுந்தால் மேடையே சரிந்துவிடும் அமைப்பு அது. நாம் 'சாஃப்ட்வேர் சரியில்லை' என்று தாய்நிரலைத் திட்டுகிறோம். விழுந்தது பலசமயம் அதன் விருந்தாளி.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஒலி கரகரப்பது வேறு, மென்பொருள் முடங்குவது வேறு. குறுந்தட்டின் தரத்தில் ஒரு நொடி ஒலி என்பது 44,100 மாதிரிகள். பஃபர் அளவை 256 என்று வைத்தால், ஒவ்வொரு தொகுதியையும் கணினி ஏறத்தாழ 5.8 மில்லிநொடிக்குள் கணக்கிட்டு முடித்தாக வேண்டும். தாமதமானால் ஒலியில் வெடிப்புக் கேட்கும். அதற்குப் பஃபரை 512 ஆகவோ 1024 ஆகவோ உயர்த்தலாம். பதிவின்போது வை-ஃபையை அணைக்கலாம். ஒலிக்கருவிக்கு உரிய ஏசியோ டிரைவரை அதைத் தயாரித்த நிறுவனத்திடமிருந்தே பெற்று நிறுவலாம். ஆனால் நிரல் அடியோடு மூடிக்கொள்வது பெரும்பாலும் நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத இடத்தில் ஏதோ ஒன்று கைவைத்ததன் விளைவு. பஃபரை எவ்வளவு உயர்த்தினாலும் அது தீராது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் பஃபரை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

எந்தச் செருகுநிரல் என்று தெரியாதபோது செய்யவேண்டியது பாதியாக்குதல். செருகுநிரல்கள் இருக்கும் கோப்புறையின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டால் அவற்றில் எதுவும் ஏறாது. அப்போது முடங்கவில்லை என்றால் குற்றவாளி அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். பாதியைத் திரும்ப வையுங்கள். முடங்கினால் அந்தப் பாதியில். இல்லையென்றால் மற்ற பாதியில். அறுபத்து நான்கு செருகுநிரல்கள் இருந்தாலும் ஆறு சோதனைகளில் ஒன்றுக்கு வந்துவிடலாம். ஒரு பிற்பகல் போதும். விதி ஒன்றே ஒன்றுதான்: ஒரு முறைக்கு ஒரு மாற்றம். டிரைவரையும் மாற்றி, செருகுநிரலையும் நீக்கி, பஃபரையும் உயர்த்திவிட்டால், முடங்குவது நின்றாலும் எதனால் நின்றது என்று ஒருநாளும் தெரியாது.

பாட்டைத் திறக்கும்போதே விழுந்துவிடுகிறதா? ரீப்பர் மென்பொருளில் செருகுநிரல்களை உறங்கவைத்தபடியே கோப்பைத் திறக்கும் வசதி உண்டு. சந்தேகத்துக்குரிய செருகுநிரலைத் தனி நிரலாகப் பிரித்து ஓடவிடவும் அதில் முடியும். அது விழுந்தால் அது மட்டும் விழும். 2014இல் வெளிவந்த பிட்விக் ஸ்டூடியோ செருகுநிரல்களைத் தாய்நிரலிலிருந்து பிரித்துவைப்பதையே தன் அடிப்படை அமைப்பாகக் கொண்டது. க்யூபேஸ் தொடங்கும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்தால் பழைய அமைப்புகளை ஒதுக்கிவிட்டுத் திறக்கும் வழி கிடைக்கும். பாட்டு பெருக்கப் பெருக்க, வாத்தியங்களின் மாதிரிகள் ஏற ஏற மட்டுமே முடங்குகிறது என்றால், அது 32 பிட் நிரலா என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் அத்தகைய நிரலுக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் இடம் 2 ஜிபி. கணினியில் 16 ஜிபி ராம் இருந்தாலும் அந்த நிரலுக்கு அதனால் பயனில்லை.

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு பெயரோடு விழுகிறது, இசைமென்பொருள் மட்டுமல்லாமல் மற்றவையும் விழுகின்றன என்றால் கருவியின் உடலைப் பார்க்க வேண்டிய நேரம். ராம் பலகையில் பழுது இருக்கலாம். 'மெம்டெஸ்ட்86' கொண்டு ஓரிரவு முழுக்கச் சோதிக்கலாம். கடலோர ஊர்களின் உப்புக்காற்றும் செம்மண் புழுதியும் கணினிக்கு நண்பர்கள் அல்ல. கத்திரி வெயிலில் மின்விசிறிகூட இல்லாத அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்யும்போது, தூசி அடைத்த கணினி சூடேறி நின்றுவிடுவதில் வியப்பில்லை. மின்சாரம் போய்ப்போய் வரும் பகுதிகளில் நல்ல யூ.பி.எஸ். ஒன்று, விலையுயர்ந்த மைக்கைவிட முக்கியமான இசைக்கருவி.

*

இப்போது நாம் பேசத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பென் டிரைவில் இருப்பவற்றில் பெரும்பகுதி பூட்டு உடைக்கப்பட்ட மென்பொருள்கள். கிராமத்து இளைஞன் ஒருவனிடம் அறநெறி பேசுவது எனக்கு உவப்பானதல்ல. டாலரில் விலை வைக்கப்பட்ட பொருளை, ஒரு திருவிழாப் பாட்டுக்குக் கிடைக்கும் சொற்பத் தொகையோடு ஒப்பிட்டால் அவன் கோபத்தின் நியாயம் புரியும். நான் சொல்வது அறம் அல்ல, பொறியியல். பூட்டை உடைத்தவர் நிரலின் உட்பகுதியைத் திருத்தியிருக்கிறார். அந்தத் திருத்தத்தை வைரஸ் என்று கருதி ஆன்டி-வைரஸ் ஒரு துண்டைப் பிடுங்கிக்கொண்டு போகும். இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டாலும் செருகுநிரலைப் புதுப்பிக்க முடியாது. முடங்கினால் அதை எழுதியவரிடம் கேட்கவும் முடியாது. இலவசமாகக் கிடைத்த பொருளுக்கு இளைஞன் தன் நேரத்தால் தவணை கட்டிக்கொண்டே இருக்கிறான்.

மாற்று இல்லாமலில்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கும் ஆடாசிட்டி, அதைவிட விரிவான ஆர்டோர், எல்.எம்.எம்.எஸ். ஆகியவை கட்டற்ற மென்பொருள்கள். ரீப்பரின் விலை மற்ற பெரிய மென்பொருள்களைக் காட்டிலும் மிகக் குறைவு. சினிமாப் பாட்டின் பளபளப்பு இவற்றில் வராது என்பது பொதுவான குறை. ஒரு பம்பை, ஒரு உடுக்கை, ஒரு குரல் இவற்றைப் பதிவு செய்ய எண்பது செருகுநிரல்கள் எதற்கு என்பது என் எதிர்க்கேள்வி.

நம் மொழி சார்ந்த ஒரு சிக்கலும் உண்டு. கணினிப் பயனர் பெயரையோ கோப்புறையையோ தமிழில் வைத்தால், சில பழைய செருகுநிரல்கள் தம் ஒலிமாதிரிகளின் பாதையைப் படிக்க முடியாமல் தடுமாறும். 2018 பிப்ரவரியில் தெலுங்கின் ஒரு கூட்டெழுத்து, 'ஞானம்' என்ற சொல்லின் முதலெழுத்து, திரையில் வந்து விழுந்த மாத்திரத்தில் ஐபோன்களின் செயலிகள் முடங்கின. அதே மாதத்தில் ஐ.ஓ.எஸ். 11.2.6 வெளியிட்டுத்தான் ஆப்பிள் அதைச் சரிசெய்தது. பிழை தெலுங்கினுடையது அல்ல. எழுத்தை அறியாத நிரலினுடையது. ஆகவே தமிழ் குறித்து வெட்கப்பட வேண்டியதில்லை. நிரல் எழுதியவர்கள் திருந்தும்வரை ஒலிமாதிரிகள் இருக்கும் பாதைக்கு மட்டும் ரோமன் எழுத்துப் பெயர் வைத்துக்கொள்ளலாம். பாட்டின் பெயர் தமிழிலேயே இருக்கட்டும்.

*

இவ்வளவும் செய்தாலும் முடங்குவது முற்றிலும் நின்றுவிடாது. அதனால்தான் இன்னும் அடிப்படையான கேள்வி ஒன்று எழுகிறது. முடங்கினால் இழப்பது என்ன?

நம் இளைஞர்கள் 'பிராஜக்ட்' என்று சொல்லும் கோப்பு பாட்டு அல்ல. இந்த ஒலி இந்த இடத்தில் இருக்கிறது, அதன்மீது இந்தச் செருகுநிரலை இந்த அளவில் வை என்கிற கட்டளைகளின் பட்டியல் அது. பட்டியலில் உள்ள ஒரு பொருள் காணாமற்போனாலும் பாட்டு முழுமையாகத் திரும்பாது. மென்பொருளே மறைந்துபோகலாம். 1987இலிருந்து இயங்கிவந்த கேக்வாக் நிறுவனத்தின் மென்பொருள் உருவாக்கத்தை அதன் அப்போதைய உரிமையாளரான கிப்ஸன் 2017 நவம்பரில் நிறுத்தியது. 2018 பிப்ரவரியில் பேண்ட்லேப் அதை வாங்கியதால் பயனர்கள் தப்பினார்கள். ஆப்பிள் 2002இல் இமேஜிக் நிறுவனத்தை வாங்கியபோது லாஜிக் மென்பொருளின் விண்டோஸ் பதிப்பு அத்தோடு முடிந்தது.

தமிழ் இணையத்தின் பழைய வாசகர்களுக்கு இந்த வலியை விளக்கத் தேவையில்லை. பாமினியிலும் திஸ்கியிலும் தட்டச்சு செய்த எத்தனை கவிதைகள், கட்டுரைகள், எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கல்களாகத் தெரிந்தன! யூனிகோடு பரவலாகி, 2010இல் தமிழக அரசும் அதை ஏற்றபிறகே அந்தத் தொல்லை ஓய்ந்தது. மாற்றியெடுக்க ஆளில்லாத எழுத்துக்கள் அப்படியே போயின. இசை இன்று அதே நிலையில் இருக்கிறது. ஆனால் இசைக்குப் பொதுவடிவம் முன்பே இருக்கிறது. வேவ் கோப்பு 1991இலிருந்து உண்டு. எந்தக் கணினியும் அதை வாசிக்கும். ஒவ்வொரு குரலையும் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனித் தடமாக, பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்குமாறு, வேவ் கோப்புகளாக வெளியேற்றிவிட்டால் எதிர்காலத்தில் எந்த மென்பொருளிலும் அவற்றை அடுக்கி அதே பாட்டைத் திரும்பப் பெறலாம். 48,000 மாதிரி, 24 பிட் தரத்தில் ஒரு தடத்துக்கு நிமிடத்துக்கு 8.64 எம்பி. பன்னிரண்டு தடங்கள் கொண்ட ஐந்து நிமிடப் பாட்டுக்கு அரை ஜிபியைச் சற்றே தாண்டும். இன்றைய வன்தட்டு விலையில் இது ஒரு பொருட்டே அல்ல. கூடவே ஓர் உரைக்கோப்பில் பாடியவர் பெயர், ஊர், நாள், வேகம், சுருதி.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்ஃபொனியை ராயல் ஃபில்ஹார்மானிக் குழு வாசித்தது, எழுதப்பட்ட இசைக்குறிப்பைப் பார்த்து. அதை வாசிக்க எந்த நிறுவனத்தின் உரிமமும் தேவைப்படவில்லை. பாகூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அவ்வூரில் இருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையளித்த செய்தி நமக்குத் தெரிகிறது என்றால், அது செப்பேட்டில் நேரடியாக வெட்டப்பட்டிருந்ததால்தான். அந்தக் கல்விச்சாலை இல்லை, செய்தி இருக்கிறது. தாங்கும் பொருளும் படிக்கக்கூடிய வடிவமும் சேர்ந்தால்தான் ஒன்று நிலைக்கும் என்பதற்கு உள்ளூர்ச் சான்று இது.

பிரதி ஒன்றே ஒன்றாக இருப்பதும் ஆபத்துதான். 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. தொடர்ந்து தென்பெண்ணையின் வெள்ளம் பாகூர்ப் பகுதிக் கிராமங்களில் புகுந்தது. அத்தகைய இரவில் தரையில் வைத்த கணினிப்பெட்டிக்கு எந்தப் பாதியாக்கும் முறையும் உதவாது. வேறொரு வீட்டில், வேறொரு ஊரில் இருக்கும் இரண்டாவது பிரதி மட்டுமே உதவும்.

*

கணினி இசையை நம் இலக்கியச் சூழல் பொதுவாக ஏளனத்தோடு பார்க்கிறது. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடைசெய்தது. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. அந்த முப்பது ஆண்டுகளிலும் நம் கூத்துமேடையில் ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. கருவி அந்நியமானதா என்பதைக் கூத்துக்காரர்கள் கேட்கவில்லை. துருத்தி கிழிந்தால் ஒட்டத் தெரிந்துகொண்டார்கள்; கருவி அவர்களுடையதாயிற்று. வில்லியனூர் இளைஞனின் கணினியும் அப்படித்தான் அவனுடையதாக வேண்டும். முடங்கிய நேரம், திறந்திருந்த பாட்டு, கடைசியாகச் செய்த மாற்றம் இம்மூன்றையும் ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பதிலிருந்து அவன் தொடங்கலாம். பத்து வரிகள் சேர்ந்தால் அவற்றிலேயே விடை தெரியக்கூடும்.

பாட்டுக்குப் பணம் கொடுப்பவர்களுக்கும் இதில் கடமை உண்டு. விழாக்குழுவினரும் கூத்துக் கலைஞர்களைப் பதிவு செய்யும் ஆர்வலர்களும் முடிந்த பாட்டை வாட்ஸ்அப்பில் பெற்றுக்கொண்டு திருப்தியடைந்துவிடுகிறார்கள். தனித்தடங்களையும் வேவ் கோப்புகளாகக் கேட்டு வாங்குங்கள். அதற்காகக் கூடுதலாக ஐநூறு ரூபாய் கேட்டால் மறுக்காமல் கொடுங்கள். ஒரு பிரதி உங்கள் வீட்டிலும் இன்னொன்று பாடியவரின் பேரப்பிள்ளைகளிடமும் இருக்கட்டும்.